மாடித்தோட்டம்: கேள்வி - பதில்

கேள்வி: 6 பைகளில் வெண்டை வைத்திருக்கிறேன். தினமும் காய்களை எண்ணி எழுதியும், எந்தப் பை நன்றாகக் காய்க்கிறது என்று பிடிபடவில்லையே?
- வாசகி, கரூர்

பதில்: எண்ணிக்கை போதாது, எடை போடுங்கள். 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும். பைகளில் பெயின்ட்டால் எண் எழுதி, தேதி, பை எண், கிராம் மூன்றையும் பறித்த கையோடு நோட்டில் குறியுங்கள். எல்லாவற்றையும் ஒரே கூடையில் கொட்டிவிட்டால் கணக்கு போச்சு!

ஒருநாள் விட்டு ஒருநாள் பறியுங்கள். நுனியை ஒடித்தால் 'டக்'கென்று முறியவேண்டும். வளைந்தால் முற்றல், எடை கூடும், குழம்புக்கு ஆகாது. அதைத் தனிக் கட்டத்தில் எழுதுங்கள். செடியிலேயே விட்டால் புதுக்காய் குறையும்.

ஒரு பையில் மட்டும் எடை இறங்கினால் இலையைப் பாருங்கள். நரம்பு மஞ்சளாகப் பின்னியிருந்தால் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்புவது. தாமதிக்காமல் அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள்.