கைக்குழந்தையோடு நெடுந்தூர விமானம்: டிக்கெட் எடுக்கும் முன்னும் பின்னும்

கேள்வி: மகன் பாரிஸில் வேலை பார்க்கிறான். மருமகளும் ஏழு மாதப் பேரனும் சென்னையிலிருந்து கிளம்ப வேண்டும். குழந்தைக்குப் பத்து சதவீதக் கட்டணம்தான் என்கிறார்கள், ஆனால் ஏஜென்ட் சொல்லும் தொகை அதைவிட அதிகமாக இருக்கிறது. "தொட்டில் சீட் போட்டுடலாம், கவலைப்படாதீங்க" என்கிறார். நம்பலாமா?
- வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: பத்து சதவீதம் என்பது உண்மைதான். இரண்டு வயது நிரம்பாத, மடியில் உட்காரும் குழந்தைக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் பெரியவர் கட்டணத்தில் பத்து சதவீதம் வாங்குகின்றன. ஆனால் அது அடிப்படைக் கட்டணத்தின் மீது போடும் கணக்கு. அதன் மேல் வரிகளும், நிறுவனம் விதிக்கும் கூடுதல் கட்டணமும் சேரும். அதனால் பெரியவருக்கு ஐம்பதாயிரம் என்றால் குழந்தைக்கு ஐயாயிரம் என்று போட்டுப் பார்த்தால் ஒத்துவராது. அடிப்படைக் கட்டணம், வரி, தன் சேவைக் கட்டணம் மூன்றையும் தனித்தனி வரியாக எழுதித் தரச் சொல்லி ஏஜென்டிடம் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் வேறு இடம் பார்க்கலாம்.

தொட்டில் விஷயத்தில் வாய்வார்த்தை போதாது. ஏஜென்டின் கணினியில் இதற்கென்று 'பி.எஸ்.சி.டி.' என்ற குறியீடு உண்டு. அதன் பக்கத்தில் 'எச்.கே.' என்று வந்தால் உறுதியாகிவிட்டது. 'எச்.என்.' என்றோ 'பி.என்.' என்றோ இருந்தால் கேட்டு வைத்திருக்கிறார்கள், பதில் இன்னும் வரவில்லை என்று பொருள். அந்தப் பக்கத்தை அச்செடுத்தோ வாட்ஸப்பிலோ வாங்கிக்கொள்ளுங்கள். வழியில் விமானம் மாறுகிற டிக்கெட் என்றால் இரண்டு விமானத்துக்கும் தனித்தனியாக இந்த உறுதி வேண்டும். சென்னையிலிருந்து வளைகுடா வரை உறுதியாகி, அங்கிருந்து பாரிஸ் வரையிலான ஏழு மணி நேரத்துக்கு இல்லாமல் போவதுதான் அடிக்கடி நடக்கிறது. ஒரு நிறுவனம் டிக்கெட் விற்று இன்னொரு நிறுவனம் ஓட்டுகிற விமானமாக இருந்தால், ஓட்டுகிற நிறுவனத்திடமே பேசி உறுதி செய்ய வேண்டும்.

உறுதியான பிறகும் கை நழுவலாம். விமானத்தின் மாடலை மாற்றினால் தொட்டில் மாட்டும் இடங்களின் எண்ணிக்கையும் மாறிவிடும். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பும், 48 மணி நேரம் முன்பும் நிறுவனத்துக்கு நேரடியாக போன் செய்து சரிபாருங்கள். சில நிறுவனங்கள் இந்த இருக்கைகளை விமான நிலைய கவுண்டரில்தான் ஒதுக்குகின்றன. அதனால் கவுண்டர் திறக்கும்போதே வரிசையில் நிற்பது நல்லது.

எடையையும் கேளுங்கள். தொட்டிலின் வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: சிலவற்றில் 10 அல்லது 11 கிலோ, சிலவற்றில் 14 கிலோ. நீளத்துக்கும் வரம்பு உண்டு. கொழுகொழுவென்று இருக்கும் ஏழு மாதக் குழந்தை ஒன்பது கிலோவைத் தொட்டுவிடும். நான்கு மாதம் கழித்துத் திரும்பி வரும்போது அதே தொட்டில் கொள்ளாமல் போகலாம்.

தொட்டில் மாட்டுவது முன்னால் சுவர் உள்ள வரிசையில். அங்கே இருக்கையின் கைப்பிடியைத் தூக்க முடியாது, முன்னிருக்கையின் அடியில் பை வைக்க இடமும் கிடையாது. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் டயப்பர் பை மேலே அடுக்கில் போய்விடும். ஒரு டயப்பர், ஒரு துண்டு, ஒரு பால் பாட்டில் இவற்றை மட்டும் சட்டைப்பையிலோ சீட்டுப் பையிலோ வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். குலுங்கல் வந்து பெல்ட் விளக்கு எரிந்தால் தூங்கும் குழந்தையை எழுப்பி மடியில் எடுத்தாக வேண்டும். தொட்டில் கிடைத்தால் பத்து மணி நேரமும் கை ஓய்ந்திருக்கலாம் என்று எண்ண வேண்டாம்.

இன்னொன்று. இருக்கைத் தொகுதி ஒவ்வொன்றிலும் கூடுதலாக ஒரு ஆக்சிஜன் முகமூடிதான் இருக்கும். அதனால் ஒரே தொகுதியில் இரண்டு மடிக்குழந்தைகளை உட்கார விடமாட்டார்கள். இரட்டைக் குழந்தைகளோடு போகும் பெற்றோர் தள்ளித் தள்ளி உட்கார வேண்டி வருவது இதனால்தான்.

கேள்வி: குழந்தைக்கு மூன்று மாதம். பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லாமல் 'ஆண் குழந்தை' என்றே இருக்கிறது. பாஸ்போர்ட் எடுக்க முடியுமா? எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒற்றைப் பெயரும் இனிஷியலும்தான்.
- வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: முதல் வேலை சான்றிதழில் பெயர் ஏற்றுவது. பிறந்த 12 மாதத்துக்குள் என்றால் தாமதக் கட்டணம் இல்லை. பிறப்பைப் பதிவு செய்த அலுவலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிக்கு ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழை மட்டுமே ஏற்கிறார்கள். அதனால் இதை முடிக்காமல் அப்பாயின்ட்மென்ட் போடாதீர்கள்.

பெயர் விஷயத்தில் நிதானம் வேண்டும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விடவும் வழி இருக்கிறது, ஆனால் விடாதீர்கள். அப்பாவின் பெயரை அங்கே எழுதிவிடுங்கள். காலியாக விட்ட பாஸ்போர்ட்டோடு டிக்கெட் எடுக்கும்போது ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக நிரப்பச் சொல்லும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் முதல், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருபவர்களை அனுமதிப்பதில்லை. இன்றைக்கு அந்த வழி போகாவிட்டாலும் இந்தப் பாஸ்போர்ட் ஐந்து வருடம் ஓடும்.

18 வயதுக்குட்பட்டவர்களுக்கு 36 பக்கப் பாஸ்போர்ட்டின் கட்டணம் 1000 ரூபாய். எட்டு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் முதல் விண்ணப்பத்துக்கு அதில் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. அப்பா, அம்மா இருவரும் கையெழுத்திட்ட 'இணைப்பு டி' உறுதிமொழி வேண்டும். ஒருவர் வெளிநாட்டில் இருந்து கையெழுத்து வாங்க முடியாவிட்டால் 'இணைப்பு சி' என்று தனிப் படிவம் இருக்கிறது. வெள்ளைப் பின்னணியில் 4.5 க்கு 3.5 சென்டிமீட்டர் போட்டோவை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். குழந்தையை வெள்ளை விரிப்பில் படுக்கவைத்து மேலிருந்து எடுத்தால் கண் திறந்தபடி ஒரு படமாவது தேறும்.

மடியில் வைத்துக் கொண்டுபோனாலும் விசா தனிதான். பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் குறுகிய கால விசாவுக்கு ஆறு வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை, 12 வயதுக்குக் கீழே கைரேகையும் இல்லை. ஆனால் 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு குழந்தைக்கும் கட்டாயம்.

கேள்வி: மகளுக்கு 22 மாதம். மூன்று மாதம் லண்டனில் இருந்துவிட்டுத் திரும்புவோம். போக வர மடிக்குழந்தை டிக்கெட் போடலாமா?
- வாசகி, வில்லியனூர்

பதில்: போகும்போது போடலாம், வரும்போது முடியாது. பறக்கிற தேதியில் என்ன வயது என்பதுதான் கணக்கு. திரும்பும் விமானத்துக்குக் குழந்தைக்கு இருக்கை வாங்க வேண்டும். பல நிறுவனங்களில் அதற்குப் பெரியவர் கட்டணத்தில் முக்கால் பங்கு வரும். டிக்கெட் போடும்போதே இதைச் சொல்லிவிடுங்கள், சொல்லாமல் விட்டால் திரும்பும் நாளில் கவுண்டரில் அன்றைய விலைக்கு வாங்க வைப்பார்கள். எல்லோருடைய டிக்கெட்டும் ஒரே பி.என்.ஆர். (முன்பதிவு) எண்ணில் இருக்கட்டும். 12 வயது வரையுள்ள குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவரின் பக்கத்திலாவது இருக்கை தர வேண்டும் என்று 2024 ஏப்ரலில் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ. உத்தரவிட்டது. அதுவும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் போகிறவர்களுக்குத்தான்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தை, பவுடர் பால்தான். பாதுகாப்புச் சோதனையில் தண்ணீரை எடுத்துவிடுவார்களா? எவ்வளவு பவுடர் வேண்டும்? சத்துமாவு, நெய் கொண்டுபோகலாமா?
- வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: 100 மில்லி விதி குழந்தை உணவுக்குப் பொருந்தாது. பயணத்துக்குத் தேவையான அளவு பால், தண்ணீர், கூழ் கொண்டுபோகலாம். கேட்டால் தனியாக எடுத்துக் காட்ட வேண்டும். ஆனால் கொதிநீர் நிரம்பிய பெரிய பிளாஸ்க்கைப் பார்த்தால் வாக்குவாதம் வரும். ஒரு வேளைக்கான தண்ணீரைப் பாட்டிலில் வைத்துக்கொண்டு, பிளாஸ்க்கைக் காலியாகக் கொண்டுபோய் உள்ளே நிரப்புவதே எளிது.

அளவுக்கு, பறக்கும் நேரத்தைப் பார்க்காதீர்கள். கடலூரில் வீட்டை விட்டுக் கிளம்புவது முதல் அங்கே வீட்டுக்குள் நுழைவது வரை எண்ணுங்கள். வழியில் விமானம் மாறினால் 24 மணி நேரத்தைத் தொட்டுவிடும். அதற்குள் ஐந்து வேளை பால் குடிக்கிற குழந்தைக்கு எட்டு வேளைக்கு எடுங்கள், விமானம் தாமதமானால் கடையில் உங்கள் பிராண்ட் கிடைக்காது. நம் ஊர் டின்களில் பெரும்பாலும் 30 மில்லிக்கு ஒரு கரண்டி. 180 மில்லி குடிக்கும் குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஆறு கரண்டி. எட்டுச் சின்ன டப்பாக்களில் ஆறாறு கரண்டி போட்டு மூடிவையுங்கள். ஆட்டத்தில் கரண்டி எண்ணிப் போடுவது தவறிப்போகும். பால் நீர்த்துப்போனால் குழந்தைக்குப் பசி அடங்காது, கெட்டியானால் வயிறு சிரமப்படும்.

பவுடரை 70 டிகிரிக்குக் குறையாத தண்ணீரில் கலக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் அறிவுரை. கேபின் பணியாளரிடம் வெந்நீர் கேட்டு, பிளாஸ்க்கில் பாதி மட்டும் வாங்குங்கள். குழந்தையை மடியில் வைத்தபடி வாங்காதீர்கள், குலுங்கலில் கொட்டினால் சுட்டுவிடும். கலக்கிய பாட்டிலைக் குளிர்ந்த தண்ணீர் உள்ள குவளையில் நிறுத்தி ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்காத பாலைக் கொட்டிவிடுங்கள். தரையில் இறுக்கி மூடிய பாட்டிலை மேலே திறந்தால் காற்றழுத்த வேறுபாட்டால் பீய்ச்சி அடிக்கும். மெதுவாகத் திருகித் திறக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குப் பால், இறைச்சிப் பொருட்களைப் பயணிகள் கொண்டுபோகத் தடை இருக்கிறது. நெய்யும் பால்கோவாவும் இதில் அடங்கும், பாட்டி ஆசையாய்க் கொடுத்தாலும் பெட்டியில் வைக்காதீர்கள். குழந்தைகளுக்கான பவுடர் பாலுக்கும் குழந்தை உணவுக்கும் இரண்டு கிலோ வரை விலக்கு உண்டு. பிராண்ட் பெயருள்ள, பிரிக்காத டின்னாக இருக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள டின் பிரித்திருக்கலாம்.

கேள்வி: விமானத்தில் அழாமல் தூங்க சளி மருந்து சிரப் கொடுக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?
- வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: கூடாது. மயக்கம் தரும் அலர்ஜி சிரப்புகள் சில குழந்தைகளைத் தூங்க வைப்பதற்குப் பதில் படபடப்பாக்கும். ப்ரோமெத்தசின் என்ற மருந்து இரண்டு வயதுக்குக் கீழே மூச்சையே அடக்கக்கூடியது, அந்த வயதில் கொடுக்கவே கூடாது. பக்கத்து இருக்கைக்காரர் முகம் சுளிப்பார் என்பதற்காகக் குழந்தைக்கு மருந்து கொடுக்காதீர்கள். அழட்டும், தூக்கிக்கொண்டு நடங்கள்.

விமானத்தில் குழந்தை அழுவதற்குப் பெரும்பாலும் காரணம் காதுதான். இறங்கும்போது கேபின் அழுத்தம் கூடும், நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழல் குழந்தைகளுக்குச் சின்னது, சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். விழுங்கினால் திறக்கும். தரையிறங்க அரைமணி நேரம் இருக்கும்போதே இறக்கம் தொடங்கிவிடும். அதனால் கடைசி வேளைப் பாலை அதற்கு முன்பே கொடுத்து வயிற்றை நிரப்பிவிடாமல், இறங்கத் தொடங்கும்போது தாய்ப்பாலோ பாட்டிலோ கொடுங்கள். மூக்கடைப்பு இருந்தால் அரைமணி முன்னதாக உப்புநீர்ச் சொட்டு விடலாம். காதில் சீழோ காய்ச்சலோ இருந்தால் கிளம்பும் முன் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: விடியற்காலை 4 மணி விமானம். கடலூரிலிருந்து எப்போது கிளம்ப வேண்டும்?
- வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: மாலை 7 மணி வாக்கில். புதுச்சேரி, திண்டிவனம், செங்கல்பட்டு வழி நான்கு மணி நேரம் என்று சொல்வார்கள். டயப்பர் மாற்ற, பால் கொடுக்க இரண்டு இடத்தில் நிறுத்தினால் ஐந்தாகும். ஞாயிறு மாலையும் பண்டிகை முடிந்த மறுநாளும் செங்கல்பட்டு சுங்கச்சாவடியிலிருந்து பெருங்களத்தூர் வரை ஊர்ந்துதான் போக வேண்டும். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு உள்ளே இருக்க வேண்டும், தொட்டில் சீட்டைக் கவுண்டரில் வாங்க வேண்டுமானால் அதற்கும் முன்பே.

கேள்வி: ஸ்ட்ரோலரை விமான வாசலில் வாங்கிக்கொண்டார்கள். சென்னையில் பெல்ட்டில் சக்கரம் உடைந்து வந்தது. விலை 28,000 ரூபாய். "குழந்தைப் பொருளுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்ற சீட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்கிறார்கள்.
- வாசகர், பாகூர்

பதில்: அந்தச் சீட்டைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். சர்வதேசப் பயணத்துக்கு, விமான நிறுவனங்களின் இழப்பீட்டுப் பொறுப்பைச் சொல்லும் மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். இந்தியாவும் அதில் இருக்கிறது. நிறுவனத்தின் பொறுப்பை அறவே இல்லாமல் செய்கிற எந்த நிபந்தனையும் செல்லாது என்று அதன் 26ஆம் பிரிவு சொல்கிறது. பொருளிலேயே முன்பு குறை இருந்ததாக அவர்கள் நிரூபித்தால் மட்டும் தப்பலாம். அதனால்தான் வாசலில் ஒப்படைக்கும்போது நான்கு பக்கமும் போட்டோ எடுத்துவைக்கச் சொல்கிறோம். இழப்பீட்டு வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் பயணி ஒருவருக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு), ரூபாயில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். உங்கள் ஸ்ட்ரோலர் அதற்குள் அடங்கிவிடும்.

விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் பேக்கேஜ் கவுண்டரில் பி.ஐ.ஆர். என்னும் பொருள் சேத அறிக்கை வாங்கியிருக்க வேண்டும். வாங்கியிருந்தாலும் வாங்காவிட்டாலும், பெற்றுக்கொண்ட ஏழு நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் போயாக வேண்டும். ஏழு நாள் கடந்தால் வழக்கு நிற்காது. பொருள் தாமதமாக வந்திருந்தால் 21 நாள். வாங்கிய பில், போர்டிங் பாஸ், டேக், போட்டோ, பழுதுபார்க்க முடியாது என்றோ இவ்வளவு ஆகும் என்றோ கடைக்காரர் எழுதிய சீட்டு எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

ஒரு மாதம் காத்திருந்தும் பதில் இல்லை என்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்திலும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பாகூர்க்காரர் என்பதால் புதுச்சேரி ஆணையத்திலேயே முடியும், சென்னைக்கு அலைய வேண்டாம். நீங்கள் செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை.