ஃபைரிஷ் குன்றும் காஞ்சிக் குளமும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற மாதம் ஸ்காட்லாந்தில் ஃபைரிஷ் குன்றின் மீது ஏறி, நாகப்பட்டினக் கோட்டை வாயிலின் சாயலில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை நடத்திய ஜெனரல் ஹெக்டர் மன்றோ எழுப்பிய கல் வளைவுகளைக் கண்டு மெய்சிலிர்த்தேன். வறுமையில் வாடிய தம் ஊராருக்கு வேலை கொடுக்கவே அதைக் கட்டினாராம். வட இந்தியாவில் கம்பெனிக்கு வழிதிறந்த பக்சார் போரை வென்ற அவரை நாம் மறந்தது முறையா? வெள்ளைக்காரரைப் புலி கடிப்பதுபோல் திப்பு வைத்திருந்த புலிப் பொம்மைக்கு, புலி தாக்கி மாண்ட அவருடைய மகனின் மரணம்தான் காரணமா?

கா.

அன்புள்ள கா.,

சென்னைத் தீவுத்திடல் அருகே குதிரைமேல் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோவோடு இவரைக் குழப்பிக்கொள்ளாததற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். புலிப் பொம்மையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஆனால் 1781 நவம்பரில் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தவர் தம் ஊர்க் குன்றில் வெற்றிச் சின்னம் வைத்ததற்கு உங்களுக்கு ஏன் மெய்சிலிர்க்க வேண்டும்?

1764இல் பக்சாருக்குச் சற்று முன்பு, கலகம் செய்த தம் சிப்பாய்கள் 24 பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட ஆணையிட்டவர் அவர். போரில் கௌரவ இடமான வலப்புறம் நிற்கும் உரிமை எங்களுடையது, ஆகவே முதலில் எங்களைக் கட்டுங்கள் என்று அவர்களில் கிரனேடியர்கள் எனும் தேர்ந்த வீரர்கள் நால்வர் கேட்டுப் பெற்றார்கள்.

அதே மனிதர் 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தில் இருந்தார். ஒரு காலைப்பொழுது நடைத் தொலைவில், புள்ளலூர் அருகே, கம்பெனியின் கர்னல் பெய்லியுடைய படையை ஹைதர் அலியும் திப்புவும் வளைத்திருந்தனர். பெய்லி உதவி கேட்டு எழுதியும், காஞ்சியில் சேர்த்து வைத்திருந்த உணவுப் பொருளையும் கனத்த பீரங்கிகளையும் விட்டு அகல மனமின்றி, ஆயிரம் பேரை மட்டும் அனுப்பிவிட்டுத் தங்கிவிட்டார் மன்றோ. செப்டம்பர் 10ஆம் தேதி அவர் ஒருவழியாகப் புறப்பட்டபோது பெய்லியின் படை அழிந்து எல்லாம் முடிந்திருந்தது. மறுநாள், எவற்றைக் காக்கத் தங்கினாரோ அந்தப் பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். என் வாதமெல்லாம் இந்த ஒன்றுதான்: உங்கள் ஜெனரலின் சரித்திரத்தை எழுதுபவர்கள் பக்சாரில் நிற்கிறார்கள், இந்தக் குளக்கரையில் அவர்கள் ஒரு நாளாவது நிற்க வேண்டும்.

சிறுவயதில் பெரியப்பா இக்கதையைச் சொன்ன நாளிலிருந்து, எந்தக் குளம் என்று தெரியாததால், காஞ்சியில் இறங்கக் கிடைத்த குளத்திலெல்லாம் மூச்சடக்கிக் காலால் சேற்றைத் துழாவுவோம். நத்தை ஓடும் உடைந்த வளையலுமே அகப்பட்டன. ஒருமுறை குளிர்ந்த இரும்பு தட்டுப்பட்டு நான் அலற, வெளியே வந்தது ஒரு வாளியின் வளையம்.

கோபிக்காதீர்கள். ஊருக்கு வரும்போது சொல்லுங்கள், புள்ளலூருக்கு நானே அழைத்துச் செல்கிறேன். மறு ஆண்டு அங்கே நடந்த போரில் மாண்ட ஆங்கில அதிகாரிகள் இருவருக்கான கல்தூண்கள் வயல் நடுவே நிற்கின்றன. பெய்லியின் சிப்பாய்களுக்கு அங்கே ஒரு கல்லும் கிடையாது.