வெள்ளியும் திங்களும் பார்த்துத் திட்டமிடுங்கள்: தில்லிக்கு முதல் குடும்பச் சுற்றுலா

கேள்வி: திருச்சியில் வசிக்கிறோம். அரையாண்டு விடுமுறையில் முதன்முறையாகத் தில்லிக்கு வருகிறோம். நான், மனைவி, 12 மற்றும் 8 வயதுப் பிள்ளைகள், மூட்டுவலி உள்ள 68 வயது அம்மா என ஐந்து பேர். சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வெள்ளி காலை வந்து, செவ்வாய் இரவு அதே ரயிலில் திரும்ப எண்ணம். வெள்ளியன்று ஆக்ராவையும், மற்ற நாள்களில் செங்கோட்டை, அக்ஷர்தாம், குதுப்மினார் உட்பட 14 இடங்களையும் பார்த்துவிட முடியுமா?

பதில்: முடியாது, முதல் நாளிலேயே திட்டம் உடைந்துவிடும். தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. செங்கோட்டை, அக்ஷர்தாம், தாமரைக் கோவில், தேசிய அருங்காட்சியகம், ரயில் அருங்காட்சியகம் ஆகிய அனைத்தும் திங்களன்று மூடியிருக்கும். ஆகவே இடங்களின் பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு, ஐந்து கிழமைகளையும் ஒரு தாளில் எழுதி, திங்களுக்கு நேராக ஆக்ராவை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். தில்லியில் பல இடங்கள் மூடியிருக்கும் நாளில் தாஜ்மகாலும் ஆக்ரா கோட்டையும் திறந்திருக்கும்; சனி, ஞாயிறின் நெரிசலிலிருந்தும் தப்பலாம்.

அடுத்து எண்ணிக்கை. உங்கள் பயணத்தின் வேகத்தை அம்மாவின் முழங்கால்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், மாலையில் உட்கார்ந்து பார்க்கக்கூடிய ஓர் இடம், அதற்கு மேல் வேண்டாம். செங்கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். லாகூர் வாசலில் சோதனை முடிந்து, கூரையிட்ட சத்தா சௌக் கடைவீதியைக் கடந்து, முரசு மண்டபமான நௌபத்கானாவுக்கு அப்பால் விரியும் புல்வெளியையும் தாண்டித்தான் திவானி ஆம் என்ற பொதுச்சபை மண்டபம் வரும்; அதற்குப் பின்னால்தான் யமுனை ஓடிய பக்கத்தில் மன்னரின் தனிச்சபையான திவானி காஸ். படத்தில் ஒரே கட்டடம் போலத் தெரிவது, நேரில் அம்மாவுக்கு அரை நாள் நடை. சக்கர நாற்காலி கிடைக்குமா என்று நுழைவாயிலிலேயே கேட்டுவிடுங்கள்.

டிசம்பர் கடைசி வாரத்தில் வட இந்தியாவை மூடும் பனிமூட்டத்தால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாவது வழக்கம். எனவே வெள்ளிக்கிழமைக்கு எந்த நுழைவுச்சீட்டும் வாங்க வேண்டாம். நேரத்தோடு வந்து சேர்ந்தால், ஓய்வெடுத்துவிட்டு மாலையில் இந்தியா கேட்டையும், அதையொட்டி 2019-இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்தையும் பார்த்து வரலாம்.

சனிக்கிழமை செங்கோட்டையும் சாந்தினி சௌக்கும். ஞாயிறன்று சாந்தினி சௌக்கில் பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும் என்பதால் இந்த வரிசையை மாற்றாதீர்கள். பகல் நேரத்தில் அந்தப் பெருவீதியில் மோட்டார் வாகனங்களுக்கு அனுமதியில்லை. சைக்கிள் ரிக்‌ஷாவில் அம்மாவை உட்காரவைத்தால் வேடிக்கை பார்த்தபடியே வருவார்.

ஞாயிறு குதுப்மினார். வளாகம் பெரும்பாலும் சமதளமானது. கோபுரத்தின் உள்ளே ஏற 1981-ஆம் ஆண்டு விபத்துக்குப் பிறகு அனுமதியில்லை என்பதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். 1,600 ஆண்டுகளாகத் துருப்பிடித்து அழியாமல் நிற்கும் இரும்புத் தூணைக் காட்டினால் அந்த ஏமாற்றம் மறந்துபோகும். மாலையில் ராமகிருஷ்ணாபுரம் மலை மந்திருக்குச் செல்லுங்கள். சுவாமிநாத சுவாமியைக் காணப் படியேற வேண்டும். அம்மாவால் முடியாவிட்டால் கீழே உள்ள மீனாட்சி சுந்தரேசுவரர் சந்நிதிகளில் நிம்மதியாக அமர்ந்திருக்கலாம். அக்ஷர்தாமை இம்முறை விட்டுவிடுங்கள். கைபேசியைக்கூட வெளியே ஒப்படைத்துவிட்டு வரிசையில் நின்று, உள்ளேயும் நெடுந்தூரம் நடக்க வேண்டிய இடம் அது.

திங்களன்று ஹஜ்ரத் நிஜாமுதீன் நிலையத்திலிருந்து காலை 8 மணியை ஒட்டிப் புறப்படும் கதிமான் எக்ஸ்பிரஸ், 100 நிமிடத்தில் ஆக்ரா கண்டோன்மென்டை அடைந்துவிடும். மாலையில் அதே ரயிலில் திரும்பலாம். அதிகாலையில் கிளம்பி சூரிய உதயத்தில் தாஜ்மகாலைப் பார்க்கும் ஆசை இந்தப் பருவத்துக்கு ஒத்துவராது. பனியில் வெண்பளிங்கு கண்ணுக்கே தெரியாமல் போகலாம். முதலில் ஆக்ரா கோட்டைக்குப் போய்விட்டு, வெயில் ஏறியபின் தாஜ்மகாலுக்குச் செல்லுங்கள். பெட்ரோல், டீசல் வண்டிகள் வாசல்வரை போகா. கிழக்கு வாசல் பக்கத்து வாகன நிறுத்தமான ஷில்ப்கிராமிலிருந்து மின்கல வண்டி உண்டு. இந்தியர்களுக்கு நுழைவுக்கட்டணம் 50 ரூபாய், கல்லறை மேடைக்கு ஏற மேலும் 200 ரூபாய். 15 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணமில்லை. பிள்ளைகளின் ஆதார் அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

தங்குவதற்குக் கரோல்பாக்கில் மெட்ரோவை ஒட்டிய விடுதி நல்லது. அறை பதிவு செய்யும்போது வெந்நீருக்கு கீசர் இருக்கிறதா, அறைக்கு ஹீட்டர் தருவார்களா என்ற இரண்டையும் தொலைபேசியிலேயே கேட்டு உறுதிசெய்யுங்கள். அதிகாலையில் குளிர் 5, 6 டிகிரிக்கு இறங்கும். கனமான ஒரே கோட்டைவிட இரண்டு மூன்று அடுக்கு உடைகளும், காதை மூடும் குல்லாவும், காலுறையும் பயன்படும். மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் உண்டு, ஆனால் எல்லா வாசல்களிலும் இருக்காது. எந்த வாசல் என்று காவலரிடம் கேட்டுவிட்டு நடந்தால் அம்மாவுக்கு வீண் அலைச்சல் இல்லை. காலை, மாலை அலுவலக நேரங்களில் ராஜீவ் சௌக்கில் வண்டி மாறுவதைத் தவிர்க்கவும்.

புதுதில்லி நிலையத்தில் இறங்கியதும், உங்கள் விடுதி மூடிவிட்டது, பதிவு ரத்தாகிவிட்டது என்று யாராவது அக்கறையோடு வந்து சொன்னால் நின்று பேசாதீர்கள். புதியவர்களை வேறு விடுதிக்கு இழுத்துச் செல்லும் பழைய தந்திரம் இது. அஜ்மீரி கேட் பக்கம் வெளியே வந்தால் மெட்ரோ நிலையம் இருக்கிறது. விடுதி முகவரியை இந்தியிலும் எழுதி வாங்கி வைத்துக்கொண்டால் ஆட்டோக்காரரிடம் காட்ட உதவும்.

செவ்வாய்க்கிழமையைச் சாணக்யபுரி ரயில் அருங்காட்சியகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழைய நீராவி எஞ்சின்களும் சிறிய ரயிலில் ஒரு சுற்றும் உங்கள் 8 வயதுப் பிள்ளைக்காகவே அமைந்தவை போலிருக்கும். மாலை 5 மணிக்குள் விடுதிக்குத் திரும்பி மூட்டைகளைக் கட்டிவிடுங்கள். இரவு ரயிலுக்கு நிலையத்தில் ஒரு மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. போகவும் வரவும் தொடங்கும் நாள் வெவ்வேறாக வரும். இரண்டையும் நாள்காட்டியில் குறித்துவைத்து, அம்மாவுக்குக் கீழ்ப்படுக்கை கேட்டு அன்றைக்கே பதிவு செய்துவிடுங்கள்.