துணைக் கேள்வியில்தான் இருக்கிறது சூட்சுமம்: நாடாளுமன்றக் கேள்வி நேரம் பற்றிக் கேள்வி பதில்

நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அமைச்சர்களைக் கேள்வி கேட்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். எம்.பி. அலுவலகத்தில் கேள்விகளைத் தயாரித்துக் கொடுக்கும் வேலை பார்த்த அனுபவம் எனக்கு உண்டு.

கல்லூரி மாணவர், கோவை: அண்ணா, டிவியில் பார்த்தால் ஒரே கூச்சலாக இருக்கிறது. எதிர்க்கட்சி கேள்வி கேட்டு உருப்படியாக ஏதாவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது தம்பி. நம் பக்கத்துப் புதுச்சேரி சம்பந்தப்பட்ட 1974 விவகாரத்தையே எடுத்துக்கொள். புதுச்சேரியைச் சேர்ந்த மாஹே, ஏனாம் வியாபாரிகள் சிலருக்கு இறக்குமதி லைசென்ஸ் தரச் சொல்லி 21 எம்.பி.க்கள் கையெழுத்துப் போட்ட மனு ஒன்று அரசுக்குப் போயிருந்தது. நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்ததும், பட்டியலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக "அது என் கையெழுத்தே இல்லை" என்றார்கள். துல்மோகன் ராம் என்ற ஆளுங்கட்சி உறுப்பினர் மட்டும் மிஞ்சினார். சி.பி.ஐ. விசாரித்தது. அந்த அறிக்கையை அவையில் வைக்க அரசு மறுத்தது. வாஜ்பாய், மது லிமாயி, மொரார்ஜி தேசாய் போன்ற எதிர்க்கட்சியினர் விடவில்லை. கடைசியில் எதிர்க்கட்சித் தலைவர்கள் ரகசியமாகப் படித்துப் பார்க்க அரசு சம்மதிக்க வேண்டியதாயிற்று. கேட்டவர்கள் முதல் பதிலோடு உட்கார்ந்திருந்தால் அந்தக் கோப்பு வெளியே தலைகாட்டியிருக்காது.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், திருச்சி: நட்சத்திரக் கேள்வி, நட்சத்திரமில்லாத கேள்வி, என்ன வித்தியாசம்?

நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் அவையில் வாயால் பதில் சொல்ல வேண்டும். மற்றதற்கு எழுத்தில் பதில் வரும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், 230 நட்சத்திரமில்லாத கேள்விகள். எது முதலில் வரும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். அந்த இருபதிலும் கேள்வி நேரம் முடிவதற்குள் சில கேள்விகள்தான் வாய்மொழிப் பதில் வரை போகும். மீதியெல்லாம் எழுத்துப் பதிலாகிவிடும்.

தேர்வுக்கு இது போதும். ஆனால் விஷயம் துணைக் கேள்வியில் இருக்கிறது. முதல் கேள்வி இரண்டு வாரத்துக்கு முன்பே அமைச்சகத்துக்குப் போய்விடும். பதிலை அதிகாரிகள் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அதன்மேல் எழுந்து நின்று கேட்கும் துணைக் கேள்வி அப்படியில்லை. அமைச்சர் கோப்பைப் படித்துவிட்டு வந்தாரா, துறை அவர் கையில் இருக்கிறதா என்பதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கேள்வி கொடுத்த உறுப்பினருக்கு இரண்டு துணைக் கேள்வி உண்டு. பலர் அதை "மாண்புமிகு அமைச்சர் அறிவாரா" என்று ஆரம்பித்துப் பிரசங்கமாக்கி வீணடிப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

செவிலியர், மதுரை: கொரோனா இரண்டாம் அலையில் ஆக்ஸிஜன் இல்லாமல் யாரும் சாகவில்லை என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார்களே, அது எப்படி ஐயா?

அம்மா, அந்தப் பதிலை நான் வரி வரியாகப் படித்திருக்கிறேன். 2021 ஜூலையில் மாநிலங்களவையில் காங்கிரஸ் உறுப்பினர் கே.சி. வேணுகோபால் கேட்ட கேள்வி அது. ஆக்ஸிஜன் பற்றாக்குறையால் ஏராளமான நோயாளிகள் சாலையிலும் மருத்துவமனையிலும் இறந்தது உண்மையா என்று கேட்டிருந்தார். சுகாதாரத் துறை எழுத்தில் கொடுத்த பதில் மூன்று படியாகப் போகிறது. சுகாதாரம் மாநிலங்களின் பொறுப்பு; இறப்புகளைத் தெரிவிக்க மாநிலங்களுக்கு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறோம்; ஆக்ஸிஜன் இல்லாததால் இறந்ததாக எந்த மாநிலமும் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை.

யாரும் சாகவில்லை என்று அதில் எங்கும் இல்லை. "குறிப்பாகத் தெரிவிக்கவில்லை" என்பதுதான் அதன் உயிர். அதில் மத்திய அரசுக்கு மட்டுமல்ல, மாநில அரசுகளுக்கும் பொறுப்பு உண்டு. அடுத்துக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மாநிலங்கள் அனுப்பும் இறப்பு விவரத்தில் ஆக்ஸிஜன் பற்றாக்குறையைக் குறிக்கத் தனியாக ஓர் இடம் இருந்ததா? ஆனால் எழுத்துப் பதிலுக்குத் துணைக் கேள்வி கிடையாது. வார்டில் நின்ற உங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் பதில் எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது.

வங்கி ஊழியர் (ஓய்வு), நாகர்கோவில்: இங்கிலாந்தில் பிரதமரையே வாராவாரம் நிறுத்திக் கேட்கிறார்களே?

ஆமாம். அவை கூடும் வாரங்களில் புதன்கிழமை மதியம் அரை மணி நேரம். எதிர்க்கட்சித் தலைவருக்கு ஆறு கேள்விகள். நம்மிடம் பிரதமருக்கென்று அப்படித் தனி நேரம் இல்லை. அமைச்சகங்களைக் கிழமைவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பிரதமர் பொறுப்பில் உள்ள துறைகளின் முறை வரும்போதும் இணையமைச்சரே எழுந்து பதில் சொல்ல முடியும். இதை மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆசிரியை, தஞ்சாவூர்: "தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்" என்று பதில் வந்தால் கதை முடிந்ததா?

முடியாது, முடியவும் விடக்கூடாது. அது அரசு அவைக்குக் கொடுத்த உறுதிமொழி. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். கண்காணிக்க மக்களவையில் 1953 முதல் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. அமைச்சகங்கள் அவகாசம் கேட்டுக்கொண்டே போவதும் உண்டு. அதனால்தான் கேள்வி கேட்ட உறுப்பினர் ஒரு நோட்டுப் போட்டுத் தேதி குறித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

இன்னொரு பதில் இருக்கிறது: "இக்கேள்வி எழவில்லை." கேள்வியை (அ), (ஆ), (இ) என்று பிரித்துக் கொடுப்பார்கள். (அ)வில் "ஊழல் நடந்தது அரசுக்குத் தெரியுமா" என்று கேட்டு, (ஆ)வில் "தெரியுமென்றால் என்ன நடவடிக்கை" என்று கேட்டால், அமைச்சகம் முதலாவதற்கு "இல்லை" என்று எழுதிவிடும். அடுத்ததெல்லாம் தானாக விழுந்துவிடும். ஒவ்வொரு பிரிவும் தன் காலில் நிற்க வேண்டும். "2022 முதல் இத்தனை டெண்டர்கள், எந்தெந்த நிறுவனங்களுக்கு, எவ்வளவு தொகைக்கு" என்று ஆண்டுவாரியாகக் கேட்டால் நழுவ இடம் குறையும்.

ஆட்டோ ஓட்டுநர், சேலம்: ஆளுங்கட்சி எம்.பி. அமைச்சரைக் கேட்க முடியாதா?

தாராளமாக முடியும். 1957-ல் எல்.ஐ.சி. பணம் தொழிலதிபர் முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளில் போடப்பட்டதை மக்களவையில் கிளப்பியவர் பெரோஸ் காந்தி. காங்கிரஸ்காரர், பிரதமர் நேருவின் மருமகன். நீதிபதி சாக்ளா விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அந்தத் துணிச்சல் இன்று எந்தக் கட்சியின் ஆளுங்கட்சி வரிசையிலும் என் கண்ணில் படவில்லை.

இல்லத்தரசி, வேலூர்: காசு வாங்கிக்கொண்டு கேள்வி கேட்கிறார்களாமே?

2005 டிசம்பரில் அப்படிச் சிக்கிய 11 எம்.பி.க்களை இரு அவைகளும் வெளியேற்றின. பல கட்சிக்காரர்களும் அதில் இருந்தார்கள்.

விவசாயி, திருவாரூர்: எங்கள் ஊர்ப் பிரச்சினையைக் கேள்வியாக்க நான் என்ன செய்ய வேண்டும்?

ஐயா, உங்கள் எம்.பி. அலுவலகத்துக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். மத்திய அரசு சம்பந்தப்பட்டதாக இருக்கட்டும்: பயிர்க் காப்பீடு, ரயில்வே, தேசிய நெடுஞ்சாலை மாதிரி. வாய்க்கால் தூர்வாருவது சட்டமன்றத்துக்குப் போக வேண்டியது. கேள்வி 150 சொல்லுக்குள் அடங்க வேண்டும் என்பது விதி, அதனால் ஒரே விஷயத்தைப் பிடியுங்கள். எந்தப் பருவம், எந்த வட்டாரம், எத்தனை பேருக்குக் காப்பீட்டுத் தொகை வரவில்லை என்பதை எழுதி, கையிலிருக்கும் ரசீது நகலையும் இணையுங்கள். கூட்டத்தொடர் ஆரம்பிப்பதற்கு ஒரு மாதம் முன்பே அது போய்ச் சேர்ந்திருந்தால் நல்லது. நட்சத்திரமில்லாத கேள்வியாகப் போனாலும் பரவாயில்லை. வரும் பதில் நாடாளுமன்ற இணையதளத்தில் ஏறிவிடும். அதை அச்செடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள்.