உதவித்தொகை வருகிறது, வைத்தியச் செலவுக்கு என்ன வழி?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது, பெருமூளை வாதம். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வாங்குகிறோம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் இருக்கிறது. ஆனால் பிசியோதெரபிக்கு அது செல்லாது என்கிறார்களே? – வாசகி, ஈரோடு

பதில்: சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். அந்த அட்டையில் குடும்பம் முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத்தான். அதிலும் பெரும்பாலானவை ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்துகொள்பவை. நாளைக்கு ஆபரேஷன் என்று வந்தால் முதலில் இந்த அட்டையை நீட்டுங்கள்.

தெரபி, மாத்திரை, பரிசோதனை போன்ற அன்றாடச் செலவுக்கு மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் ‘நிராமயா’ மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும். மருத்துவப் பரிசோதனை இல்லாமலே சேரலாம். ‘ஏற்கெனவே இருந்த நோய்’ என்று ஒதுக்கமாட்டார்கள். சேர்க்கைக் கட்டணம் வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 250, மற்றவர்களுக்கு 500 ரூபாய். அறக்கட்டளையில் பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் எது என்று சொல்வார்கள்.

சிக்கல் பெரும்பாலும் சான்றிதழில்தான் வரும். பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்கு வெறுமனே ‘கை, கால் இயக்கக் குறைபாடு’ என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். அப்படி இருந்தால் நிராமயாவில் இடமில்லை. முதலில் அதைத் திருத்தி வாங்குங்கள்.

நிராமயாவில் பணமில்லாச் சிகிச்சை இல்லை. கையிலிருந்து கட்டிவிட்டுத் திரும்பப் பெற வேண்டும். டாக்டர் சீட்டு, தேதியோடு அசல் பில், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் சிகிச்சை முடிந்த 30 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுக்காத தெரபிக்கு வெறும் ரசீது மட்டும் அனுப்பிப் பயனில்லை. தெரபிக்கென்று 1 லட்சத்துக்குள் தனி உச்சவரம்பு உண்டு, முழுத் தொகையும் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். இன்னொன்று: எந்த மாதம் சேர்ந்தாலும் மார்ச் 31 உடன் அந்த ஆண்டு முடிந்துவிடும். பிப்ரவரியிலேயே புதுப்பிக்கும் வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.

பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 18 வயது வரை அங்கே தெரபி இலவசம். இலவசமாகக் கிடைப்பதற்கு பில் சேர்த்துக்கொண்டு அலைவானேன்?

கேள்வி: மில் வேலையில் இயந்திரத்தில் சிக்கி வலது கை போய்விட்டது. இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) நிரந்தர ஊன உதவித்தொகை வருகிறது. வேலை போனதால் இ.எஸ்.ஐ. மருத்துவமும் நின்றுவிடுமா? – வாசகர், திருப்பூர்

பதில்: தானாகத் தொடராது; நீங்கள் கேட்டுப் பெற வேண்டும். பணியிட விபத்தால் நிரந்தர ஊனமாகி வேலை இழந்தவர், மாதம் 10 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 120 ரூபாயை முன்பணமாகக் கட்டினால், ஓய்வு வயது வரை தனக்கும் மனைவிக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். உங்கள் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் ஊன உதவித்தொகை உத்தரவையும் மில் கொடுத்த வேலைநீக்கக் கடிதத்தையும் காட்டுங்கள். கடிதத்தில் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஊனத்தால் வேலை போனது என்பதுதான் இந்தச் சலுகைக்கே அடிப்படை.

பிள்ளைகள் இதில் வரமாட்டார்கள். அவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டைப் பாருங்கள்.

கேள்வி: உதவித்தொகை வாங்குபவருக்குக் காப்பீட்டு அட்டை தானாக வந்துவிடுமா? – வாசகர், தேனி

பதில்: வராது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றோடும் கலெக்டர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போங்கள். மாற்றுத்திறனாளியின் பெயர் ரேஷன் கார்டில் இல்லையென்றால் அதைச் சேர்த்த பிறகு போங்கள். ஆதாரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் திருத்திக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு அந்த வேலை ஆகாது.