குளோன் பூனையின் ஆரஞ்சு எங்கே போனது?

கேள்வி: வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு மூன்றும் கலந்த பூனையை அமெரிக்காவில் குளோன் செய்தார்களாம், குட்டிக்கு ஆரஞ்சே வரவில்லையாம். ஜீன் ஒன்றுதானே, நிறம் எப்படி மாறும்?

பதில்: அது சிசி. 2001 டிசம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் பிறந்த உலகின் முதல் குளோன் பூனை. குளோனுக்குச் செல் கொடுத்த பூனை ரெயின்போ மூன்று நிறத்துக்காரி, சிசிக்கோ வெள்ளையும் பழுப்பு வரிகளும் மட்டும்தான்.

பெண் பூனைக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு. இரண்டும் முழுதாக வேலை செய்தால் புரத அளவு எகிறிவிடும் என்பதால், கரு மிகச் சிறியதாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் இரண்டில் ஏதோ ஒன்றை அணைத்துவிடுகிறது. அணையப்போகிற எக்ஸிலிருந்தே எக்ஸிஸ்ட் (Xist) என்ற நீளமான ஆர்.என்.ஏ. (டி.என்.ஏ.வைப் பார்த்து எழுதப்படும் நகல்) கிளம்பும், அதிலிருந்து எந்தப் புரதமும் உருவாகாது, தான் பிறந்த குரோமோசோமையே முழுக்கப் போர்த்திக்கொண்டு, வேறு புரதங்களை வரவழைத்து அதைச் சுருட்டி இறுக்கிவிடும். இப்படிச் சுருண்டு கிடக்கும் புள்ளியை 1949இல் மர்ரே பார் குழுவினர் பார்த்ததே பூனையின் நரம்பு செல்களில்தான்! ஒரு எக்ஸ் அணைந்துவிடுகிறது என்று 1961இல் சொன்னவர் மேரி லயன், அதுவும் சுண்டெலிகளின் ரோம நிறத்தை வைத்து.

அணைத்த பிறகு அந்த செல்லின் வழியில் வரும் எல்லா செல்களிலும் அதே எக்ஸ்தான் அணைந்திருக்கும். ஆரஞ்சுக்கான ஜீன் இருப்பது எக்ஸில். ரெயின்போ போன்ற பூனைக்கு ஒரு எக்ஸில்தான் அது உண்டு, அந்த எக்ஸ் அணைந்த இடத்தில் கறுப்பு, மற்றது அணைந்த இடத்தில் ஆரஞ்சு. அதனால்தான் திட்டுத் திட்டாக நிறம் வருகிறது. (வெள்ளை வேறு கதை, நிறமி செல்கள் போய்ச் சேராத இடம் அது.) ரெயின்போவிடமிருந்து எடுத்த அந்த ஒரு செல்லில் ஆரஞ்சு எக்ஸ் அணைந்திருந்தது, குளோன் செய்தபோதும் அது விழித்துக்கொள்ளவில்லை என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். டி.என்.ஏ. அப்படியேதான் இருந்தது, படிக்கப்பட்ட பகுதிதான் வேறு. பள்ளியில் எக்ஸ், ஒய் என்றால் ஆணா பெண்ணா என்பதோடு முடித்துவிடுகிறோமே, அதையும் தாண்டி இதைச் சொல்லித்தர வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: அப்படியானால் பெண்களின் உடம்பிலும் இப்படித் திட்டுகள் உண்டா?

பதில்: உண்டு, சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. வியர்வைச் சுரப்பிகள் உருவாகத் தேவையான ஜீன் ஒன்றும் எக்ஸில்தான் இருக்கிறது. அதன் ஒரு பிரதி மட்டும் பழுதான பெண்ணின் முதுகில் அயோடினும் ஸ்டார்ச்சும் பூசி வியர்க்க வைத்தால், வியர்க்கிற இடம் கருநீலமாகும், சுரப்பி இல்லாத இடம் நிறம் மாறாமல் பட்டை பட்டையாக நிற்கும்.