விசா முடிந்தால் பிள்ளையின் படிப்பு என்னாகும்? ரொறன்ரோவில் உதவி கேட்கும் இடங்கள்

தம்பி, விசா முடிந்த நிலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் பிடித்து அனுப்பிவிடுவார்களோ, யாரிடம் உதவி கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகச் சேர்க்கலாம். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ விசா இல்லை என்பதற்காக 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சேர்க்க மறுக்கக்கூடாது என்று ஒன்ராறியோ கல்விச் சட்டத்தின் 49.1 ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அலுவலகத்தில் இருப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டுமே! ஒரு தாயோடு நானும் துணைக்குப் போயிருந்தேன். விசாத் தாள் இல்லாமல் பதிய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். எங்களோடு வந்த தொண்டு நிறுவனப் பிள்ளை குரலை உயர்த்தவில்லை. பிரிவு எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்து, "உங்கள் கல்விச் சபையிடம் ஒருக்கால் கேளுங்கள்" என்றார். போன் கதைத்துவிட்டு வந்த அலுவலகக்காரர் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, முகவரிக்கு ஆதாரம் மட்டும் கேட்டார். அடுத்த கிழமையே பிள்ளை வகுப்புக்குப் போகத் தொடங்கிவிட்டது. அதனால் தனியாகப் போகாதீர்கள்.

இந்த நகரம் சும்மா இப்படி மாறவில்லை. "கேட்காதே, சொல்லாதே", அதாவது சேவைக்கு வருபவரிடம் விசாவைக் கேட்காதே, தெரிந்தாலும் வெளியே சொல்லாதே என்று குடிவரவாளர் உரிமை அமைப்புகளும் பெண்கள் காப்பகங்களில் வேலை செய்பவர்களும் வருடக்கணக்காகப் போராடினார்கள். அதன் பிறகுதான் 2013 இல், கனடாவிலேயே முதலாவதாக, பயமின்றிச் சேவை பெறும் கொள்கையை ரொறன்ரோ நகரசபை ஏற்றது. நூலகம், தங்குமிடம், பொதுச் சுகாதாரம் போன்ற நகரசபைச் சேவைகளுக்கு நீங்கள் பயமில்லாமல் போகலாம். விசா இல்லாதவர்களைப் பிடித்து நாடு கடத்தும் எல்லைச் சேவைகள் முகமை மத்திய அரசின் கீழ் வருவதால் இந்தக் கொள்கை அதைக் கட்டுப்படுத்தாது. பொலிஸ் விஷயத்திலும் இதை நம்பியிருக்க வேண்டாம்.

ஓஹிப் அட்டை (ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி அட்டை) இல்லாதவர்களையும் சில சமூக சுகாதார நிலையங்கள் பார்க்கும். முதலில் போன் எடுத்துக் கேளுங்கள். கைக்காசு வேலையில் சம்பளம் தராவிட்டாலும் 2 வருடத்துக்குள் தொழில் அமைச்சில் முறையிடலாம். அதற்கு முன் சட்ட உதவி நிலையத்தில் கதையுங்கள். தெற்காசியருக்கென்றே ஒரு சட்ட உதவி நிலையம் இங்கே இருக்கிறது. விசா இல்லாதவர்களுக்கு எஃப்.சி.ஜே. அகதிகள் நிலையமும் கைகொடுக்கும். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 211 என்ற உதவித் தகவல் எண்ணுக்கு அடித்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள்.

"பேப்பர் எடுத்துத் தருகிறேன்" என்று யாராவது காசு கேட்டால், அவர் லோயரா, உரிமம் பெற்ற ஆலோசகரா என்று விசாரியுங்கள். உரிமம் இல்லாதவர் குடிவரவு ஆலோசனைக்குக் காசு வாங்குவது இங்கே குற்றம்.